தந்தி அடங்கும் வரை

செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு கூடம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அங்கே வீணைக் கச்சேரி நடக்கும். இருபது பேர் உட்கார்ந்தால் கூடம் நிறைந்துவிடும். மைக் கிடையாது. திருவண்ணாமலை பஸ் ஹாரன் உள்ளே வரக்கூடாது என்று தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கோட்டைப் பக்கத்து ஜன்னல் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கும். அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம். வீணைத் தந்தி முழுசாக அடங்குகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆஹா என்பதோ, பலே என்பதோ, தொண்டையைக் கனைப்பதோ, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சட்டத்தை மீறினேன் என்று என்னை எழுப்பி அனுப்பினார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. நைனா போன பிறகு அவர் வைத்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மெஷின் என் கைக்கு வந்தது. அறுவடை முடிந்தால் தொண்டூரிலிருந்தும் அவலூர்பேட்டைப் பக்கமிருந்தும் வண்டி வண்டியாக மூட்டை வரும். ஆயில் இன்ஜினைக் கிளப்பிவிட்டால் கொட்டகைத் தகரமே அதிரும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நானும் வேலையாட்களும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். ஊரில் எனக்குப் பேரே மெஷின்காரர்தான்.

வீணை வாசித்தவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தனி ஆள். ஜவுளிக்கடைக்காரர் தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகை இல்லாமல் கொடுத்திருந்தார். அவருடைய வீணை ரொம்பப் பழசு. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்தது. இப்போதெல்லாம் தனித்தனியாகச் செய்து ஒட்டிவிடுகிறார்கள் என்று சொல்வார். அதன் சத்தம் சின்னது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் பாதிதான் வந்து சேரும். ஆடித் திருவிழாவுக்கு மைக் வைத்து வாசிக்கச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். "குழாய்ல போனா இது வீணையா இருக்காதுங்க, வேற என்னவோ ஆயிடும்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் அந்தக் கூடத்துக்குள் போனது தற்செயலாகத்தான். மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்கப் போனவன், மாடியிலிருந்து வந்ததைக் கேட்டுப் படிக்கட்டில் நின்றுவிட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா மெஷின்காரரே, படியிலயே நின்னுட்ட? மேல வாய்யா."

மேலே முன்வரிசையில் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் இருந்தார். சங்கீதம் முறையாகக் கற்றவர், அங்கே அவர்தான் பெரிய ரசிகர். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா ராகம், சொல்லுங்க பாக்கலாம்."

"தெரியாதுங்க சார். நல்லா இருக்குது."

"மல்லாட்டைய குலுக்கிப் பாத்து நல்லது, சொத்தைன்னு சொல்றாப்பலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கிளார்க்கு மட்டும் வீணையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்குன்னு தெரிஞ்சா போதும் சார். பேரு நாம வச்சதுதானே" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரமும் போனேன். அப்புறம் பல வருஷம் போனேன்.

ராகப் பெயர் எனக்குக் கடைசிவரை அரைகுறைதான். ஆனால் ஒன்று பிடிபட்டது. வீணையில் மீட்டின உடனே வருகிறதே, அது பெரிசில்லை. ஒருதரம் மீட்டிவிட்டு, அந்த நாதம் தேயத் தேய, இடது கை விரலால் தந்தியை இழுத்து இழுத்து அதற்குள்ளிருந்தே இன்னும் நாலு சுரத்தை எடுப்பார். கடைசிச் சுரம் இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியாது. கற்பூரம் மலையேறின பிறகும் தட்டில் ஒரு சூடு இருக்குமே, அதைக்கூட விடாமல் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, எனக்கு அது அப்படி. வாரம் பூராவும் மெஷினோடு கிடந்த காதுக்கு அந்தக் கொஞ்சம் போதும். கோயிலில் நிற்கும்போதுகூட என் மனசு அப்படி நின்றதில்லை. பெருமாள் மன்னிக்கட்டும்.

அந்தத் தேய்கிற நாதத்திலும் ஒரு போட்டி உண்டு. யார் கடைசியில் கண்ணைத் திறக்கிறாரோ அவர்தான் அதிகம் கேட்டவர். வாத்தியார்தான் எப்போதும் கடைசி. கிளார்க்கு விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு அடுத்த கீர்த்தனைக்கே தயாராகியிருப்பார், இவர் இன்னும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் கண் திறந்து ஆஹா சொன்னால்தான் ஜவுளிக்கடைக்காரர் ஆஹா சொல்வார். அதற்குப் பிறகு மற்றவர்கள். பாதி நடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு முதலில் போனது தாளத் தந்தி. வீணையில் பக்கவாட்டில் தாளத்துக்கென்று மூன்று தந்தி இருக்கும், சுண்டு விரலால் தட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சுண்டு விரல் போய் வருகிறது, சத்தம் இல்லை. தந்தி அறுந்துவிட்டதோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "நல்லாத்தான கேக்குது" என்றார்.

பிறகு வீட்டில் பிள்ளைகள் பேசுவது வெறும் வாயசைவாக ஆனது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சத்தம் நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மெஷினை விட்டால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றார். என் சம்சாரம்தான் காதுக்கிட்ட குனிந்து எனக்குத் திருப்பிச் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவளே கேட்டாள்.

"மெஷின வுட்டுட்டு இன்னாங்க பண்றது?"

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். மூன்று பிள்ளைகள். மெஷின் ஓடினால் அடுப்பு எரியும், என் காது போகும். நிறுத்தினால் காது நிற்கும், அடுப்பு அணையும். மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினேன்.

அந்தப் புரட்டாசியில் சிங்கவரம் மலையேறி, பள்ளிகொண்ட ரங்கநாதர் முன்னால் நின்றேன். "ஊட்டுப் பேச்செல்லாம் போனா போவட்டும். அந்த நாதம் மட்டும் இருக்கட்டும்" என்று கேட்டேன். மனசுக்குள் கேட்டதாகத்தான் நினைத்தேன். பட்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகள் குரல் வேண்டாம், வீணை போதும் என்று அவள் காதுபடக் கேட்ட தகப்பன் நான்.

கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தேன். தூண் ஓரத்திலிருந்து இரண்டாம் வரிசை, அங்கிருந்து வாத்தியார் பக்கம், கடைசியில் வீணைக் குடத்துக்கு நேர் எதிரே. விளக்கு வைக்கும் முன்பே போய் இடம் பிடித்துவிடுவேன். "ராகம் தெரியாதவருக்கு ராஜா சீட்டு" என்று வாத்தியார் சொன்னாராம். காது மோசமான பிறகு எனக்குத் துணையாக வந்து, கதவோரம் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சம்சாரம் கேட்டு வந்து சொன்னாள்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணா, சின்னதா ஒரு மைக் வச்சா இன்னா? எனக்குக் காதுல சரியா வுழ மாட்டேங்குது."

"மைக் வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவன் நீதான?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்ப உன் ஒருத்தனுக்காவ அந்த வீணைக்குக் குழாய் கட்டணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மைக்கில் வந்தால் எனக்கு வேண்டியது அதில் இருக்காது என்று எனக்கே தெரியும்.

சம்சாரம் ஒரு வழி சொன்னாள். "வாத்தியார் மூஞ்சியப் பாத்துக்கினே இருங்க. அவர் ஆஹா சொன்னா நீங்களும் சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"சூடமே காட்டாத தட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கச் சொல்றியா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். கேட்காமல் ஆஹா சொல்வதில்லை என்று இருந்தேன். அதுதான் என்னிடம் மிச்சம் இருந்த மரியாதை.

அந்தச் சனிக்கிழமை கிளார்க்கு ஒரு ராகத்தை நிதானமாக விரித்துக்கொண்டு போனார். தாழ்ந்த தந்தியிலேயே வெகு நேரம் நின்றார். எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்கிற இடம் அது ஒன்றுதான். வெகு நாளைக்கப்புறம் முழுசாக ஏதோ காதில் இறங்கினது போல இருந்தது. கண் கலங்கிவிட்டது. மீட்டினார், இழுத்தார், தேய்ந்தது, முடிந்தது. "ஆஹா!" என்றேன்.

முடியவில்லை. எனக்குத்தான் முடிந்திருந்தது. கூடம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெதுவாகவும் சொல்லவில்லை போலிருக்கிறது. மெஷின் கொட்டகையில் ஆளைக் கூப்பிடுகிற சத்தமாம். கிளார்க்கின் விரல் தந்தி மேலேயே நின்றுவிட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு தரம் "ஆஹா!" என்றேன்.

வாத்தியார் எழுந்துவிட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார், அதனால் எல்லாம் கேட்டது.

"கொன்னுட்டியேய்யா! அந்தக் கடைசி சுரத்துக்குத்தான் வாரம் பூரா காத்துக்கினு கெடக்கிறேன். இது இன்னா ஏலம் வுடற எடமா? காது கேக்கலன்னா ஊட்ல இருக்க வேண்டியதுதான?"

அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று நான் நினைத்திருந்தது அதோடு போயிற்று. அவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் கேட்ட இடத்தைத் தாண்டி, நான் இனிமேல் போக முடியாத தூரம் வரைக்கும் கேட்டிருக்கிறார். திட்டினதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் என் தோளைத் தொட்டுப் படிக்கட்டைக் காட்டினார். கையால்தான் காட்டினார், மெஷின் ஓடும்போது நாங்கள் செய்வதைப் போல. மறுநாள் கொட்டகைக்கு வந்து என் காதுக்கிட்ட குனிந்து, "இனிமே கீழ கடையிலயே உக்காந்துக்கய்யா. பாய் போடச் சொல்றேன்" என்றார். நல்ல காது உள்ளவனுக்கே கடையில் பாதிதான் கேட்கும். அது அவருக்கும் தெரியும்.

ஒரு சின்னச் சத்தத்தைக் காப்பாற்ற பஸ் ஹாரனை வெளியே நிறுத்தினார்கள், இருமலை நிறுத்தினார்கள், கடைசியில் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கிளார்க்கு ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். குனிந்து வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வீட்டு அறையில் வாடகை இல்லாமல் குடியிருப்பவர் என்ன பேச முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. முதல்நாள் எனக்காகப் பேசினவர்தானே என்று அவர் மேல்தான் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நான் கடைக்கும் போகவில்லை, கூடத்துக்கும் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு கொட்டகையிலேயே கிடந்தேன்.

அடுத்த கோடையில் கிளார்க்குக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சம்சாரம் பாயை விரித்து விளக்கேற்றினாள். அவர் என் காதில் வாயை வைத்து, "அன்னைக்கு நான் பேசியிருக்கணும் மெஷின்காரரே. இன்னைக்கு உங்களுக்குன்னு வாசிக்கிறேன்" என்று கத்தினார்.

வாசித்தார். விரல் போவது தெரிந்தது. தாழ்ந்த தந்தி மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவதைப் போல இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கையை எடுத்து வீணைக் குடத்தின் மேல் வைத்து, மறுபடி மீட்டினார்.

மரம் அதிர்ந்தது. கை வழியாகவும் கேட்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் காது இருக்கிறது. இன்ஜின் உடம்பில் கை வைத்தாலும் இப்படித்தான் அதிரும். அந்த வீணைக்கும் என் மெஷினுக்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவர் மீட்டிவிட்டுத் தந்தியை இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். மாற்றலாகிப் போகிற மனுஷன், ஒரு பாரத்தை இறக்கி வைக்க வந்திருக்கிறார். நான் என் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். மூடியே இருந்தாள். கையின் கீழே அதிர்வு நின்ற பிறகும் அவள் திறக்கவில்லை. அவள் திறக்கிறவரைக்கும் காத்திருந்து, மெதுவாக "ஆஹா" என்றேன்.

கிளார்க்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம். வீணைக்கு உறை போட்டுக் கட்டிக்கொண்டு, காபி சாப்பிட்டுவிட்டுத் தெருமுனை திரும்புகிறவரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

சம்சாரம் விளக்கின் திரியை உள்ளே இழுத்துவிட்டு என் காதுக்கிட்ட வந்தாள்.

"சரியாத்தாங்க சொன்னீங்க" என்றாள். "சத்தங்கூட அளவாத்தான் இருந்துச்சு."