உதட்டில் விரல் வைத்த மனுசன்

என் கணவர் றெஜினோல்டுக்கு இருபத்திரண்டு வருடமாக ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் ஒரு நாடக அரங்கில் வேலை. சீட்டைப் பார்த்து ஆட்களை இருத்துவார். விளக்கு அணைந்தபின் யாராவது குசுகுசுத்தால் உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பார். வீட்டில் சோறு கொதித்தாலும் அதுதான். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவருக்கு முதல் நிரந்தர வேலை தந்த இடம். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதிதான் அதற்கு அவர் காட்டிய நன்றி.

போன கோடையில் அதே அரங்கின் முற்றத்தில் எங்கள் மகள் மெலனிக்கு முதல் நாடகம். நன்றாக வந்தால் குழுவில் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வேலை தேடி வேறு ஊர்தான்.

"அப்பா, இது இங்கிலாந்தில முதலாம் எலிசபெத் ராணி காலத்து முறை. பகல் வெளிச்சத்தில சனம் நிண்டு பாக்கும், கொட்டை கொறிக்கும், நடிக்கிற ஆக்களோட வாய்காட்டும். நீங்கள் அடக்கக்கூடாது."

"ஓம், ஓம். என்ர அரங்கில இருமவே ஏலாது!"

"அப்ப பொம்பிளை வேசமும் ஆம்பிளைப் பெடியள்தான் கட்டினவை."

அப்படியென்றால் என் பிள்ளைக்கு மேடையே இல்லை. இந்தக் காலத்தில் பிறந்தாளே என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மெலனிக்கு விதவை வேடம். மோசக்கார மைத்துனன் வீட்டுச் சாவியைக் கேட்கிறான். அவள் சனத்தைப் பார்த்து, "இவனை நம்பலாமா?" என்று ஜேர்மனில் கேட்டாள். முன்னால் நின்ற ஒருவர் வாய் திறந்தார். பழக்கதோஷம் விடுமா? "ஷ்ஷ்!" என்றார் வாசலில் வேலையாக நின்ற இவர். அவ்வளவுதான், முற்றம் முழுக்க அடங்கிவிட்டது.

இரண்டாம் முறை கேட்டாள். ஒரு சத்தமில்லை. எனக்கு இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் முறை கேட்டபோது அவள் குரலே உடைந்தது. அப்போதுதான் இவருக்குத் தான் செய்த வேலை விளங்கியது.

"குடுக்காதை பிள்ளை! அவன் கள்ளன்!"

முற்றமே அதிர்ந்தது. தமிழ் தெரியாத சனம் திரும்பிப் பார்த்தது, சிரித்தது, பிறகு வேண்டாமெனச் சேர்ந்து "நைன்! நைன்!" என்று கத்தியது. மெலனி நிமிர்ந்து நின்று சாவியை இடுப்பில் செருகினாள். அதற்குப் பிறகு சனத்தை அடக்க ஆளில்லை.

அடுத்த கிழமை அவளுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது. ஆண்டவருக்கு நன்றி. ஆனாலும் என் கண்ணில் நிற்பது அன்றைய முடிவுதான். கைதட்டலுக்குக் குனிந்து நிமிர்ந்த மெலனி, வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்துத் தன் உதட்டில் விரல் வைத்தாள்.

இவர் எங்கே அடங்கினார்? ஓவென்று அழுதுகொண்டு நின்றார்.