சகலையின் புகை

ரால்ஃப் ஹெப்பிளுக்கு ரோஜா பிடிக்குமா என்று கேட்டால் கோல்ட்பெக் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் பாதிப்பேர் சிரிப்பார்கள். அவருக்குப் பிடித்தது கோப்பை. ஜூலை மலர்க்காட்சியில் சிறந்த ஆறு ரோஜாக்களுக்குக் கொடுக்கிற வெள்ளிக் கோப்பை. அதை வருடா வருடம் தூக்கிக்கொண்டு போனவன் ஆமோஸ். வேறு எவனாவது தூக்கியிருந்தால் ரால்ஃப் பொறுத்திருப்பார். ஆமோஸ் அவருக்குச் சகலை. அக்கா மேவிஸை ரால்ஃப் கட்டினார், தங்கை நெட்டாவை ஆமோஸ் கட்டினான். ஒரே வீட்டில் பெண் எடுத்தவனிடம் தோற்றுப் பார்த்தால்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

உழைப்பில் ரால்ஃபை யாரும் குறை சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஊரே அடுப்போடு ஒட்டிக்கொண்டிருக்க, அவர் சுரங்கக் குதிரைகளின் சாணத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தன் வீடு இருந்த மேட்டுத் தெருவுக்கு மூச்சு வாங்க ஏறுவார். மார்ச்சில் கை விறைக்க விறைக்கக் கிளைகளை வெட்டுவார். மே மாதம் அசுவினிப் பூச்சியை விரலாலேயே நசுக்குவார். ஜூனில் ஒரு காம்புக்கு ஒரு மொட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளுவார். ஜூலை மழை மொட்டுக்குள் இறங்கினால் பூ விரியாமலே அழுகிவிடும். அதனால் குச்சி நட்டுக் குடை கட்டுவார். அந்தக் குடை மேவிஸுடையது. அவள் நனைந்துகொண்டே கடைக்குப் போய் வருவாள்.

இவ்வளவும் செய்து என்ன? கோடை மழை ரெண்டு பெய்ததும் இலையெல்லாம் கரும்புள்ளி. புள்ளியைச் சுற்றி மஞ்சள் பூக்கும், பிறகு கொட்டும். காட்சி நெருங்கும்போது செடிகள் இறகு பிடுங்கிய கோழியாக நிற்கும். பூ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடுவர்கள் இலையையும் பார்ப்பார்கள். ஆமோஸோ வாயில் பைப்பை வைத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடியபடி, பார்க்காமலே வெட்டுவான். அவன் செடியில் இலை எண்ணெய் தடவினது மாதிரி மின்னும். பாடிக்கொண்டே வெட்டினான் என்பதுதான் ரால்ஃபுக்குத் தாங்கவில்லை.

ஏதோ ரகசிய மருந்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, தங்கையிடம் நைசாகக் கேட்டு வரும்படி மேவிஸை அனுப்பினார். அவள் போய்வந்து கோட்டைக் கழற்றினாள்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவங்க வீடு கரிச்சூளைக்கு அடியில இருக்கு. இருபத்துநாலு மணி நேரமும் புகை. நெட்டா துவைச்சுப் போட்ட துணியெல்லாம் கறுத்துப் போகுது. இங்க மேட்டுல நல்ல காத்து, என் துணி வெள்ளையா காயுது, உன் இலை கறுத்துப் போகுது. கடவுள் கணக்கைச் சரியாத்தான் பண்ணிருக்கார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரால்ஃப் சிரிக்கவில்லை. புகையில் கந்தகம் இருக்கிறது, கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சணத்துக்குக் கந்தகம் ஆகாது. இத்தனை வருடம் மண்ணையும் சாணத்தையும் பார்த்துப் பொருமியவர், மேலே ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்று மேற்கிலிருந்து வீசி, புகை முழுவதையும் வாரி ஆமோஸ் தோட்டத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மனுஷன் அந்தப் புகைக்கே ஆசைப்பட ஆரம்பித்தார். வாசலில் நின்று, சகலை வீட்டுக் கூரைமேல் அது இறங்குவதைப் பார்த்துப் பார்த்து வெந்துபோனார்.

அந்த அக்டோபரில் ஒரு நாள் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார்.

"மேவிஸ், பாவம் நெட்டா. அந்தப் புகையில எப்பப் பாரு இருமிக்கிட்டே இருக்கா. பேசாம நாம வீடு மாத்திக்கிட்டா என்ன?"

மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏய்யா, நெட்டா சின்னப் பிள்ளையிலேர்ந்து இருமுறா. உனக்கு இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சா?"

"மனுஷனுக்கு இரக்கம் வரக்கூடாதா?"

"வரலாம். உனக்கு வந்ததில்லையே, அதான் கேட்டேன்."

மேவிஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிறு வயதில் இருமல் வரும்போதெல்லாம் தங்கையை எழுப்பி உட்காரவைத்து முதுகு தேய்த்தவள் அவள்தான். பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்தபடி வந்தாள். "சரி, போகலாம். உனக்காக இல்ல" என்றாள். கிடைத்ததே போதும் என்று ரால்ஃப் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போன இடத்தில் ரால்ஃப் விஷயத்தைச் சொன்னார். ஆமோஸ் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு ரால்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சகலை, கூடப் பிறந்தவன்கூட இதைச் செய்ய மாட்டான். நிசமாத்தான் சொல்றீங்களா?"

"அட, இதுல என்ன இருக்கு? வீடுதானே" என்றார் ரால்ஃப். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இரண்டு வீடும் சுரங்கத்துக்குச் சொந்தம், அந்த ஆபீஸில் ஆட்சேபம் எதுவும் இல்லை. நவம்பரில் இலை உதிர்ந்ததும் ரால்ஃப் தன் செடிகளை வேரும் மண்ணுமாகத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பிள்ளைகளைப் போல இறக்கிக் கொண்டுவந்தார். ஆமோஸ் தன்னுடையதைக் கொண்டுபோனான். அவற்றில் கரும்புள்ளி விழும் நாளை நினைத்தாலே ரால்ஃபுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மேவிஸ் முதல் நாள் சன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். சாயங்காலம் மறுபடி துடைத்தாள். ஒரு வாரம் கழித்துத் துடைப்பதை விட்டுவிட்டாள்.

இடம் மாறிய செடி முதல் கோடையில் சுமாராகத்தான் பூத்தது. ஆனால் இலை! கரி படிந்திருந்ததைத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் உள்ளே பச்சை பளபளத்தது. ஒரு புள்ளி கிடையாது. இரண்டாவது கோடையில் பூக்கள் கைப்பிடி அளவுக்கு வந்தன. மேவிஸுக்கும் இரண்டாவது குளிர்காலத்தில்தான் இருமல் வந்திருந்தது. சளி என்றாள். கோடையிலும் அது போகவில்லை. அந்த இருமல் ரால்ஃபின் காதிலும் விழுந்தது. கேட்டுவிட்டுக் காட்சி முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

காட்சியன்று கூடாரத்துக்குள் தன் ஆறு பூவையும் மேசையில் அடுக்கிவிட்டு ஆமோஸின் பூவைத் தேடினார். அந்த இலைகளைக் கண்ணால் பார்க்கவேண்டும், அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். இதற்காகத்தானே இவ்வளவும். மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருமுறை நடந்தார். ஆமோஸின் பெயர்ச்சீட்டே இல்லை.

கோப்பை ரால்ஃபுக்குத்தான். நடுவர் பெயர் சொன்னபோது முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவன் ஆமோஸ். ரால்ஃப் அவன் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒரு சுருக்கம், ஒரு கடுப்பு, எதுவும் கிடைக்கவில்லை.

"உன் பூ எங்க சகலை?"

"நானா? செடிக்குப் புள்ளி வந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டு உருளைக்கிழங்கு வச்சுட்டேன். நெட்டா இப்ப ராத்திரி முழுக்க அசந்து தூங்குறா. என்னைவிடச் சத்தமா குறட்டை விடுறா, தெரியுமா? எனக்கு எதுக்கு இனிமே ரோஜா?"

கோப்பை கைக்கு வந்த பிறகும் ஆமோஸ் ஜெயித்தவனாகத்தான் நின்றான். நெட்டா அவன் பக்கத்தில் கன்னம் சிவக்க நின்றாள். அந்தக் கன்னத்தைப் பார்க்கக்கூட ரால்ஃபுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆமோஸ் அத்தோடு விடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று குரல் கொடுத்தான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! இந்த மனுஷனுக்குப் பூவுக்காகக் கோப்பை குடுத்தீங்க. எம் பொண்டாட்டிக்கு மூச்சு குடுத்ததுக்கு யாரு என்ன குடுக்கப் போறீங்க? மேட்டு வீட்டை எங்களுக்கு விட்டுட்டு, அந்தப் புகையில போய் உக்காந்திருக்காருய்யா எங்க சகலை!"

கூடாரம் முழுக்கக் கைதட்டியது. தலைமுறை தலைமுறையாய்ச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள். நெஞ்சில் புகை இறங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரால்ஃப் திரும்பி மேவிஸைப் பார்த்தார். அவள் ஒருத்திதான் கைதட்டவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திப் பிடித்து, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருமிக்கொண்டிருந்தாள்.

அவர் போய் அவள் தோளைத் தொட்டார். அவள் கையை விலக்கினாள்.

"கோப்பையைப் பத்திரமா எடுத்துட்டு வா. நான் இன்னைக்கு நெட்டா வீட்டுல படுத்துக்கிறேன்."