செவத்தம்மா இறங்கிய மடை

வண்டி நின்றாலும் அடைக்கலத்துக்குக் கால் நிற்காது. மீமிசலில் மீன் ஏற்றி விராலிமலை வரை கடை கடையாக இறக்குகிற ஓட்டுநர். இறக்கிய இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "செவத்தம்மா கதைப்பாட்டு பாடுறவங்க இங்கிட்டு இருக்காங்களா?"

உடைப்பெடுத்த கண்மாயைக் காக்க மடையில் இறங்கி மாண்டவள் செவத்தம்மா. அடைக்கலம் வீட்டுக் குலதெய்வம். பஞ்சம் பிழைக்க வந்த முன்னோரோடு அவள் இருக்கும் இடம் மறந்துபோயிற்று. இப்போது மகள் சத்யாவுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்காமல் மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? அச்சடித்த பத்திரிகைக் கட்டு வண்டியிலேயே கிடந்தது.

"பொண்ணு கல்யாணமா, பாட்டுக் கச்சேரியா?" என்று மனைவி ராஜலட்சுமி போனில் காய்ந்தாள்.

பாடியவர்கள் எல்லோரும், செவத்தம்மா இறங்கியது அவருடைய ஊர் ஆலங்கண்மாயில்தான் என்றார்கள். அடைக்கலம் பூரித்துப்போனார். தேடியவள் சொந்த ஊரிலேயே இருந்திருக்கிறாள்! அவளுக்குப் பொங்கல் வைக்கப் பானைகூட வாங்கிவிட்டார்.

மீன் ஏலத்தில் நின்ற பெலிக்ஸ்தான் சிரித்தான். "அண்ணே, எங்க வீட்டு விசேசத்துல பாடுனப்ப எங்க ஊரணியிலல்ல செத்தா! கேக்குறவங்க ஊருத் தண்ணியத்தான் பாட்டுல போடுவாங்க. அதான் மருவாதி. நீங்க மொதல்லயே ஊரச் சொல்லிப்புட்டீங்களா?"

சொல்லியிருந்தார். கும்பிட்டு, ஊரைச் சொல்லி, அப்புறம்தானே பாடச் சொன்னார், போன இடமெல்லாம்!

அன்றே விராலிமலைக்கு அருகே, அதுவரை போகாத பாட்டுக்காரி காத்தாயி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"பாடுங்கக்கா, பெறகு சொல்றேன்."

"ஊரு தெரியாம எப்புடிப் பாட? கோவிச்சுக்குவீக."

"மாட்டேன். மொதமொத நீங்க கேட்டபடி வரட்டும்."

காத்தாயி கண்ணை மூடிப் பாடினாள். மடை வந்ததும் குரல் தட்டி நின்றது. தலையை ஆட்டிவிட்டு, முந்தின அடிக்குப் போய், மூச்சுவிடாமல் ஓட்டிப் பாடினாள். கிளுவங்கண்மாய் என்று விழுந்தது. அவளே கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அது எங்கிட்டு இருக்கு?"

"யாரு கண்டா! எங்க ஆத்தா பாடுனது. அவ பொறந்தது பொன்னமராவதிப் பக்கம்."

அடைக்கலம் எழுந்துவிட்டார். இறக்காத மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏந்தம்பி, இப்பவாச்சும் ஊரச் சொல்லிட்டுப் போங்க!"

வண்டி பொன்னமராவதி ரோட்டுக்குத் திரும்பியிருந்தது.