சைகோனுக்கு ஒரு தேக்சா

நேற்றுக் காலை ஈயம் பூசுகிறவர் எங்கள் சந்துக்குள் நுழைந்து கூவினார் பாருங்கள், அந்த நொடியில்தான் எனக்கு இந்த யோசனை தோன்றியது. பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு, ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறி, கிழிந்த பாய்களுக்கும் உடைந்த கூண்டு விளக்குக்கும் பின்னால் கையை விட்டுத் துழாவி உம்மாவின் தேக்சாவை வெளியே இழுத்தேன். செம்புச் சட்டி. நாலு பேருக்குச் சோறு வடிக்கலாம், அவ்வளவுதான் இருக்கும்.

ஈயக்காரர் அதைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், விரலால் சுரண்டினார்.

"இன்னா நைனா, எத்தினி வருசமா இத்த அடுப்புல ஏத்தல? உள்ளாற பூரா பச்ச புடிச்சுகினு கீது."

"பதினோரு வருஷம்."

"தே! பழைய பாத்திரக்காரனாண்ட போடாம ஈயம் பூசச் சொல்றியே. வூட்ல கல்யாணமா?"

"இல்லை. கப்பல் ஏறப் போகுது."

"யாரு, நீயா?"

"சட்டியும்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துருத்தியை அமுக்க ஆரம்பித்தார். படித்த பிள்ளைகளுக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் அது. கச்சேரி சாலை மசூதிக்குப் பின்னால் இதே வீடுதான். வாப்பா புத்தகம் பைண்டு செய்கிறவர். மயிலாப்பூர் வக்கீல்களின் தடித்தடிச் சட்டப் புத்தகங்கள் முன்னறையில் மலைபோல் கிடக்கும். உள்ளறையில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் உம்மா படுத்திருப்பாள். காசநோய். லஸ்ஸிலிருந்து வந்த டாக்டர் பால், முட்டை, ஆட்டுக்கால் சூப்பு என்று ஒரு பட்டியல் சொல்லி, இதெல்லாம் உள்ளே போனால்தான் ஆள் தேறும் என்றார். பட்டியல் சரியாகத்தான் இருந்தது. உம்மாவுக்குத்தான் வாய் திறக்கவில்லை. வாப்பா கெஞ்சினார், கோபித்தார், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார். உம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, அவரை ஆக்கிப்போட்டு வளர்த்தது உம்மாதான். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கப்பல் ஏறியவர், ஆறு வருஷம் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, தந்தி கிடைத்ததும் திரும்பியிருந்தார். என்னைவிட மெலிந்த தோளோடு வந்து வாசலில் நின்றார். அதையெல்லாம் நான் எங்கே கவனித்தேன்? அவர் பெட்டியில் ஒட்டியிருந்த கப்பல் சீட்டைத்தான் கவனித்தேன்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் மாமா உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். கையில் சூப்புக் கிண்ணம். முதல் நாள் உம்மாதான் கேட்டாள்.

"அங்க இன்னாடா சாப்ட்டே இத்தினி நாளா?"

"அத்த ஏன் கேக்குறே லாத்தா!" என்று அக்காவிடம் ஆரம்பித்தார் மாமா.

அன்றைக்கு ஆரம்பித்தது. சைகோனில் வீதிக்கு வீதி சாப்பாட்டுக் கடை. முழங்கால் உயர முக்காலிகள். அரிசி மாவில் மஞ்சள் போட்டுத் தோசை மாதிரி ஊற்றி, உள்ளே இறாலை வைத்து மடித்து, அதைக் கீரை இலையில் சுருட்டிக் கொடுப்பார்கள். "தோசையை இலையில சுத்தித் திங்கறதா?" என்று உம்மா சிரித்தாள். புளியும் அன்னாசிப்பழமும் போட்டு ஒரு மீன் குழம்பு உண்டாம். அன்னாசியா, மீனிலா என்று வாப்பா முன்னறையிலிருந்து பசைத் தூரிகையோடு எட்டிப் பார்த்தார். சோலோன் என்று பக்கத்திலேயே இன்னொரு பட்டணம். அங்கே கால்வாயில் படகிலேயே அடுப்பு எரியும். "நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரிதான் லாத்தா. நம்மளதுல வெறகு வரும், அங்க வெந்ததே வரும்." ரெண்டு குச்சியால் அவர்கள் சாப்பிடுவதை, வாப்பா காகிதம் மடிக்கும் மூங்கில் குச்சிகளை வைத்து நடித்துக் காட்டுவார். எல்லாக் கதையிலும் மீன், இறால், கீரை. இறைச்சி ஒரு துண்டுகூட வராது. உம்மா கேட்பதற்கு முன்பே அவர் எச்சரிக்கையாக இருந்தார் என்பது இப்போது தெரிகிறது.

கதை முடிந்ததும் உம்மா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"வவுறு நெறஞ்சிச்சாடா?"

"நெறஞ்சிச்சு லாத்தா. எழுந்துக்கவே முடியல."

உடனே அவள் வாயைத் திறப்பாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. ஒரு நாள் கிண்ணம் முழுவதும் காலியானது. வாப்பா அந்தக் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானோ வாப்பா வெட்டிப்போட்ட காகித விளிம்புகளைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தேன். கடை எங்கே, வாசலில் என்ன நிறம், எந்தக் கிழவி எதைக் கிண்டுகிறாள், எல்லாம் அதில் ஏறிவிடும். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிச் சைகோனையே வரைந்து வைத்திருந்தேன். லஸ் முனையில் டிராம் நிற்கும் இடம் ரொட்டிக் கடை. குளத்தின் வடக்கு மூலை தோசைக் கிழவி. மாமா சொன்ன எல்லாவற்றையும் எழுதினேன், உம்மாவின் அந்தக் கேள்வியைத் தவிர. அது எனக்குச் சுவாரசியமில்லாத கேள்வி. ரயில் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று கேட்காமல் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாளே என்று எரிச்சல்கூட வரும்.

மூன்று வாரம் ஓடியது. டாக்டர் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, பரவாயில்லையே என்றார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. மதரசாவில் உஸ்தாது அன்று ஹலாலான உணவு பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். மீனுக்கு அறுப்பு வேண்டாம், கோழியையும் ஆட்டையும் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்திருக்க வேண்டும். மனப்பாடமாய் ஒப்பித்து முதல் ஆளாகப் பாராட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பாராட்டின் சூடு ஆறாமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாமா மீதோ என்ற ஊருக்கு ரயிலில் துணி மூட்டையோடு போன கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம இடியாப்பம்தான் லாத்தா, ஆனா சிக்கெடுத்த தலமுடியாட்டம் நீட்டு நீட்டா. அத்தக் கிண்ணத்துல வெச்சு மேல சூப்பை ஊத்துவாங்க. விடியறதுக்கு முன்னாடியே எலும்பப் போட்டுக் கொதிக்க வெச்சுடுவாங்க. தெரு மொத்தம் வாசனை…"

"என்ன எலும்பு மாமா?" என்றேன் நோட்டிலிருந்து தலை தூக்கி.

மாமா கரண்டியால் சூப்பைக் கிளறினார். "இன்னா எலும்பு… கோழி எலும்பு."

"பிஸ்மி சொல்லி யார் அறுத்தாங்க?"

பரீட்சையில் கடைசிக் கேள்வியையும் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. முன்னறையில் வாப்பாவின் சுத்தியல் சத்தம் நின்றது. மாமா கிண்ணத்தைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். சாப்பிட்டேன் என்றால் விலக்கப்பட்ட ஹராமைத் தின்றவர். சாப்பிடவில்லை என்றால் பொய் சொன்னவர். பத்து வயதுப் பயல் ஒருவன் அவரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, பென்சிலைக் கூர்மையாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"நான் சாப்புடல லாத்தா," என்றார் மெதுவாக. "எதையுமே சாப்புடல. அது அவங்க சட்டி. அதே சட்டியில இன்னான்னமோ வேவும். மீனுன்னு கேட்டாலும் அந்தக் கரண்டியாலதான எடுப்பான்? வாசலாண்ட நின்னு பாப்பேன். வாசனை நல்லாருக்கும்."

"அப்போ ஆறு வருசமா?" என்றாள் உம்மா.

"கடைக்குப் பின்னால நாங்களே பொங்குவோம். சோறும் கருவாடும்."

"நெதமுமா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் திட்டுவாள், பொய்யா சொன்னே என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சம்பந்தமில்லாமல் வேறு எதையோ பேசினாள்.

"அந்தத் தேக்சாவ எடுத்துகினு போடான்னு தலப்பாடா அடிச்சிகினேனே. கனமா கீது, கப்பல்ல சிரிப்பாங்கன்னு வெச்சுட்டுப் போனியே. ஒரு சட்டி இருந்திருந்தா, இதுல ஆக்கிக் குடும்மான்னு எவளாண்டயாவது கேட்டிருப்பியே பாவி…"

இருமல் வந்துவிட்டது. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

மாமா கரண்டியை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தை அவர் பக்கமே தள்ளினாள். "நீ குடி."

அதற்குப் பிறகு எந்த வேளைக்கு எதைக் கொண்டுபோனாலும் அதே வார்த்தைதான். "அவனுக்கு வை." மாமா சாப்பிட்டுவிட்டேன் என்பார், அவள் நம்ப மாட்டாள். ஒரு சாயங்காலம் அவராகவே முக்காலியை இழுத்துப் போட்டு, "சோலோன்ல ஒரு கடை லாத்தா…" என்று ஆரம்பித்தார். பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

நான் சிவப்புப் பென்சில் எடுத்து நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் மேலே குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் "பொய்" என்று எழுதினேன். இருபத்திரண்டு இடத்தில். ஒன்றைக்கூட விடவில்லை. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் உம்மா இறந்துபோனாள். மாமா நாற்பதாம் நாள் பாத்திஹாவரை இருந்துவிட்டுத் திரும்பவும் சைகோன் போனார். அப்போதும் தேக்சாவை எடுத்துக்கொள்ளவில்லை; அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை.

ரொம்ப நாள்வரை, மாமாவின் பொய் வெளிப்பட்டதால்தான் உம்மாவுக்குக் கோபம் வந்து சாப்பாட்டை நிறுத்தினாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொரு வருஷம் போனதும், பொய்யைக் காட்டிக்கொடுத்த என்மேல்தான் கோபம் என்று மாற்றிக்கொண்டேன். கணக்கும் சரித்திரமும் இங்கிலீஷும் படித்துக் காலேஜ் முடித்த எனக்கு, நேற்று அந்தப் பச்சை பிடித்த சட்டியைக் கையில் எடுக்கும்வரை வேறொன்று தோன்றவேயில்லை. இறாலும் அன்னாசியும் அவளுக்கு எதற்கு? தன் கையால் சோறூட்டி வளர்த்தவன் கண்காணாத ஊரில் வயிறார இருந்தான் என்பது ஒன்றைத்தான் அவள் மூன்று வாரமும் சாப்பிட்டாள். நான் எழுதாமல் விட்ட கேள்விதான் அந்த நோட்டில் எழுத வேண்டிய ஒரே வரி.

மாமா இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். கடிதத்தில் நலம், மழை, நலமறிய ஆவல். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் வராது.

அடுத்த வாரம் எனக்குக் கப்பல். அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று வாப்பா கேட்கிறார், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் போனதும் செய்யப்போகிற முதல் காரியம் தெரியும். ஈயக்காரர் தேக்சாவை உள்ளே முகம் தெரிகிற மாதிரி பூசிக் கொடுத்துவிட்டார். புதுக் கரண்டி ஒன்று, நல்லெண்ணெய் ஒரு புட்டி, இரண்டையும் அதற்குள்ளேயே வைத்துத் துணி சுற்றியாயிற்று. நோட்டும் பெட்டியில் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் படிக்க வருகிறது. கால்வாய்ப் படகிலோ, வாசலில் நீலச் சாயம் அடித்த கடையிலோ, முகம் சுளிக்காத ஒரு கிழவியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மீனை நானே வாங்கித் தருவேன். புளியும் அன்னாசியும் அவள் போடட்டும். பாஷை தெரியாது, சட்டியை நீட்டிச் சைகை காட்டிப் பார்க்கிறேன். முழங்கால் உயர முக்காலியில் மாமாவை உட்காரவைத்து, அவர் கிண்ணம் காலியாகும்வரை பேசாமல் இருப்பேன். எனக்கு அதுதான் கஷ்டம்.

அப்புறம் கேட்பேன், வயிறு நிறைந்ததா என்று.