ஆறாவது வாரத்தில் நிமிர்ந்தேன்

என் வயிற்றை எடுத்து நெஞ்சில் தைத்தார்கள். வேறு எப்படிச் சொல்ல? புற்றுநோய்க்காக இடது மார்பை நீக்கிய அன்றே, சென்னை ஆஸ்பத்திரியில், அடிவயிற்றுச் சதையைக் கொண்டு புது மார்பு செய்தார்கள். இரண்டு பிள்ளைகளைச் சுமந்து தொங்கிப்போன சதை; நான் வெட்கப்பட்டு மறைத்த சதை. போன இடத்தில் உயிர் பிடித்துக்கொண்டது. என் சதை, என் ரத்தம். இரவல் இல்லை.

ஆனால் மிச்ச வயிற்றை இழுத்துத் தைத்திருந்தார்களே, அது! ஓர் இடுப்பெலும்பில் தொடங்கி மறு இடுப்பெலும்பு வரை தையல். பாவாடை நாடாவை யாரோ முழு பலத்தோடு இறுக்கி முடிந்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி. புதுச்சேரி வீட்டுக்குக் கூனிக்கொண்டுதான் திரும்பினேன். வருகிறவர்களைப் பாதத்தை வைத்தே அடையாளம் கண்டேன். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். சிரிப்பு அதைவிட ஆபத்து. என் நாத்தனாரோ சிரிக்க வைக்கவே பிறந்தவள்.

"இன்னா அண்ணி, தரையில எதனா தொலைச்சிட்டியா?"

"சும்மா இருடி, தையல் பிரிஞ்சிடும்."

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். கூன் அவருக்குப் பொறுக்காது. முதல் வாரமே "கார்தவூ!" என்று பட்டாளத்து அட்டென்ஷன் கட்டளை போட்டார். நானும் ரோஷத்தில் விறைத்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. போனில் டாக்டர் அவரைத்தான் திட்டினார்: வயிறு தானாக இளகும், இழுத்து நிமிர்த்தக் கூடாது. அதற்குப்பின் கட்டளை இல்லை. நான் நடந்தால் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜூலை பதினாலு, பிரான்சின் தேசிய நாள். கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் சொல்தாக்கள் பதக்கம் குத்தி வரிசையில் நிற்பார்கள். மனைவிமார் எதிரே உட்கார்ந்திருப்போம். அந்த வருஷம் கொடி அவர் கையில். தேசிய கீதத்துக்கு நான் நிமிர்ந்து நின்றாக வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்ட பிடிவாதம். அதற்காகவே கூடத்துச் சுவரோரம் நாளுக்கு ஒரு விரற்கடையாக உயர்ந்துகொண்டிருந்தேன்.

பேண்டு தொடங்கியது. நாத்தனார் முந்தானையைப் பிடித்தாள். "உக்காரு அண்ணி, யாரு கேக்கப் போறா?"

எழுந்தேன். வேண்டாம் என்றது வயிறு. மூச்சை விட்டேன். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தோள் பின்னால் போனது. ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணுக்கு எதிரே தரை இல்லை, கடல் இருந்தது. புடவைக்குள் இரண்டு பக்கமும் நான்.

அசையவே கூடாத கொடிக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாய்யா, கொடியப் புடிச்சிகினு பொண்டாட்டிய சைட் அடிக்கிற?"

"ஆமா, அடிச்சேன். இன்னா இப்ப? அத்தினி வருஷ சர்வீசுல பண்ணாத தப்பு, இன்னிக்குப் பண்ணேன்."

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன், அவர் தோள் உயரத்துக்கு.