பேச்சிலருக்கு இடமில்லை

துபாயில் 'பேச்சிலர்' என்றால் கல்யாணமாகாதவன் என்று அர்த்தமில்லை. ஊரில் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தாலும், இங்கே தனியாக வந்து கிடப்பவன் பேச்சிலர்தான். எழுபதுகளின் கடைசியில் தேரா பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் சொந்தக்காரருக்கு அந்த வர்க்கத்தைக் கண்டாலே ஆகாது. குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பேச்சிலர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று பட்டாணிய வாட்ச்மேன் மூலம் சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவன் என் உயிர். அப்படிச் சொல்லிக்கொள்ள அப்போது எனக்குத் தைரியம் கிடையாது. வெளியே 'ரூம்மேட்' என்பேன். வளைகுடாவில் அந்த ஒரு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். எட்டுப் பேர் ஓர் அறையில் படுக்கும் ஊரில் இரண்டு ஆண்களை யார் கவனிக்கப்போகிறார்கள்?

அவன் புதுக்கோட்டைப் பக்கம். ஜெபல் அலியில் துறைமுகம் கட்டும் வேலையில் வெல்டர். ஒரு தமிழ்ப்படத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அம்மா செத்துப்போகிற காட்சிக்குத் தேம்பித் தேம்பி அழுதான். கைக்குட்டை கொடுத்தேன். கைக்குட்டை திரும்பி வரவில்லை, ஆளே வந்துவிட்டான். கம்பெனியின் லேபர் கேம்ப்பில் சாப்பாடு சரியில்லை என்று நான் வீட்டில் புலம்பிய புலம்பலில் அம்மாவே, "பாவம், இங்க வந்து இருக்கட்டும்டா" என்றாள். என் அறையில் இரண்டாவது கட்டில் விழுந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். டூட்டி முடிந்து அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சட்டையில் கருகின இரும்பு வாசம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அப்பா ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அதிகம் பேசாது, கண் எதையும் விடாது. ஒரு மாலை கதவைத் தட்டாமல் திறந்தார். அவன் தலை என் மடியில் இருந்தது. அப்பா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் இருவரோடும் பேச்சில்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் இந்த உத்தரவு. கேம்ப்புக்குத் திரும்பிவிட்டால் வாரம் ஒருநாள் பார்ப்பதே பெரிய விஷயம். அப்பாவுக்கோ இது நல்ல சாக்கு. வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, அவனுடைய தகரப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கினோம்.

"அழுவாத மாப்ள, அடுத்த வாரமே ஓடியாந்துர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் ஊர்ப் பக்கங்களில் கூட்டாளியை மாப்ள என்பதில் ஒன்றுமில்லை. எவனும் எவனையும் கூப்பிடலாம். கீழே, காய்கறிப் பையோடு திரும்பி வந்த அப்பாவை வாட்ச்மேன் வாசலில் மறித்து வைத்திருந்தான்.

"யே கோன்?" அவனைக் காட்டி வாட்ச்மேன் கேட்டான். இவன் யார்?

அப்பாவின் இந்தி ஆபீசில் பொறுக்கியது. மாப்ள என்று காதில் விழுந்ததை அப்படியே இந்தியாக்கினாரோ என்னவோ, "ஹமாரா தாமாத்" என்றார். எங்கள் மருமகன்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது வாட்ச்மேனுக்கு நன்றாகத் தெரியும். தாடியைச் சொறிந்தான். "பேட்டி மாஃபி, தாமாத் கைசே?" மகளே இல்லை, மருமகன் எப்படி?

இந்தி காலை வாரிவிட்டது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா வாட்ச்மேன் முகத்தைப் பார்த்தபடியே, நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார்.

"பொண்ணு இல்லேன்னா என்னய்யா? பையன் இருக்கான்ல."

வாட்ச்மேனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் சொன்ன தோரணையில் ஆள் அசந்துவிட்டான். "அச்சா, அச்சா. ஃபேமிலி. கலாஸ்" என்று, விஷயம் முடிந்ததுபோல் கையை வீசி வழிவிட்டான்.

"அப்பா, நீங்க என்ன சொன்னீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"தெரியாம உளர்ற வயசா எனக்கு?" அப்பா படியேற ஆரம்பித்தார். நாங்கள் பெட்டியை மறுபடி ஆளுக்கொரு பக்கம் பிடித்ததும் நின்று திரும்பினார்.

"நீயே தூக்கிட்டு வாடா" என்றார் என்னிடம். "மாப்பிள்ளையையா பெட்டி தூக்க விடுவாங்க?"