பட்டியலில் ஐந்தாவது பெயர்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், பச்சை வண்ணம் பூசிய ஒரு பலகை நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதை நட்டவர்களில் நானும் ஒருவன். தோட்டக் கமிட்டியின் எழுத்து வேலை என்னுடையது. தலைகால் புரியாத வயது. அதற்கு முன் எந்தச் சேதியையும் ஒருவர் லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசையின் முன்னும் தப்படித்துச் சொல்லிப் போவார். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியிருந்தது எங்களுக்குக் கேவலமாகப் பட்டது. நிறுத்தினோம். நிறுத்தியது சரிதான், இன்றும் சொல்வேன். இனி எல்லாம் பலகையில் என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டோமே, அதுதான் அயோக்கியத்தனம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அம்மை நோயில் கண் போனவர். கடைசி லயத்தில் தனியாக இருந்தார். ஹல்துமுல்லையில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகளின் குடும்பம் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்திருந்தது. அவர்களோடு போய்விட வேண்டுமென்று அத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். எழுதிக்கொடுத்தவர்களைப் பதுளைக்கு விசாரணைக்கு வரச்சொல்லிப் பட்டியல் வந்தது. அழகான கையெழுத்தில் நானே எழுதி ஒட்டினேன். ஐந்தாவது, அத்தையின் பெயர். அன்றே கமிட்டி வேலையாகப் பண்டாரவளைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள் என்பது என் நினைப்பு. எழுதினவனே மருமகன், அவன் சொல்லாமலா இருப்பான் என்பது அவர்கள் நினைப்பு.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி, "பதுளைக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் அத்தைக்கு விஷயமே தெரிந்தது. தேதி கடந்து மூன்று நாளாகியிருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர், "போர்டுல போட்டாங்களா இல்லியா?" என்று கேட்டார். போட்டார்கள் என்றேன். "அப்புறம் என்ன? அடுத்த லிஸ்ட் வரட்டும்" என்றார். மகள் கப்பலேறிய பிறகும் அந்த லிஸ்ட் வரவில்லை.

பதுளையிலிருந்து திரும்பிய அன்று அத்தை பலகைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

"எம் பேரு எங்கப்பா இருக்கு?"

விரலைப் பிடித்து ஐந்தாவது வரியில் வைத்தேன். இரண்டு தரம் தடவினார்.

"வெறுங் காகிதமால்ல இருக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு எம்புட்டு நேரமாயிருக்கும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏழு வருஷம் கழித்து அதே தோட்டத்தில் அவரைப் புதைத்தோம். மகளால் வர முடியவில்லை.

இப்போது எங்கள் தோட்டத்தாருக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. போன மாதம் காணி உரிமைக் கூட்டத்தின் அறிவித்தலைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பார்வையற்ற ஒருவர், "படத்துல என்னாங்க எழுதியிருக்கு?" என்று குரலில் கேட்டிருந்தார். அதன் கீழே நிறையப் பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் அதை வாசித்து அவருக்கு அனுப்பினேன். கூட்டம் முந்தின நாளே முடிந்திருந்தது.